உட்பொதி கணிப்பொறிகளும் காலச் சரிபார்ப்பும்

கணிப்பொறி என்றதும் மேசைமீது இருக்கும் திரையும் விசைப்பலகையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் உலகில் உற்பத்தியாகும் நுண்செயலிகளில் மிகப் பெரும் பகுதி அத்தகைய கணிப்பொறிகளுக்குச் செல்வதில்லை. மின்சார மீட்டர், மின்தூக்கி, மோட்டார் வாகனத்தின் பிரேக், இன்சுலின் செலுத்தும் பம்பு, ரயில் எஞ்சின், அணுமின் நிலையத்தின் பாதுகாப்புச் சாதனம் ஆகியவற்றினுள் அவை இடம்பெறுகின்றன. இவற்றைப் பயன்படுத்துவோர் தாம் ஒரு கணிப்பொறியைப் பயன்படுத்துவதாகக் கருதுவதே இல்லை. பெரியதொரு கருவியின் உறுப்பாக அதனுள் பொதிந்திருந்து அதனை இயக்குவதால் இதற்கு உட்பொதி கணிப்பொறி என்று பெயர்.

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணிப்பொறிக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. சம்பளக் கணக்கு ஒரு மணி நேரம் தாமதமாக முடிந்தாலும் விடை அதே விடைதான். கணக்கு முடிந்ததும் வேலையும் முடிந்துவிடுகிறது. உட்பொதி கணிப்பொறியின் வேலைக்கு முடிவு என்பதே கிடையாது. சுற்றுப்புறத்திலிருந்து வரும் செய்திகளுக்கு அது இடைவிடாது மறுமொழி தந்துகொண்டிருக்க வேண்டும். அம்மறுமொழி உரிய காலத்துக்குள்ளும் வர வேண்டும். அரை விநாடி பிந்திப் பிடிக்கும் பிரேக், தக்க தருணத்தில், பிடிக்காத பிரேக்குக்குச் சமமாகிவிடும். ஆகவே இத்தகைய அமைப்புகளில் ஒரு விடை சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பதில் காலத்துக்கும் பங்கு உண்டு.

இந்தக் காலக் கூற்றைக் கணித முறையில் கையாளும் வழியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ராஜீவ் ஆலூர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1987இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1991இல் முனைவரானவர். பெல் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் 1997இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பணி ஏற்றார். அவருடைய ஆய்வின் மையக் கருத்தையும், அரசுத் துறைகள் கருவிகளைக் கொள்முதல் செய்கையில் அதனால் எழும் வினாக்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனையின் எல்லை

1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையை அமெரிக்கப் படையின் பேட்ரியட் தடுப்பு அமைப்பு இடைமறிக்கத் தவறியது. 28 படைவீரர்கள் உயிரிழந்தனர். காரணம் பின்னர் தெரியவந்தது. அவ்வமைப்பின் கணிப்பொறி காலத்தைப் பத்தில் ஒரு விநாடி அலகில் எண்ணியது. பத்தில் ஒன்று என்ற எண், நாம் எழுதும் தசம முறையில் எளிதாக முடிந்துவிடுகிறது. கணிப்பொறி கையாளும் இரும எண் முறையிலோ அது முடிவின்றி நீளும் பின்னமாகும். 24 இலக்கங்களுக்குப் பின் வெட்டப்பட்டதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் கோடியில் ஒரு விநாடி என்ற அளவில் பிழை சேர்ந்தது. கருவி தொடர்ந்து ஏறத்தாழ 100 மணி நேரம் இயங்கியிருந்தபோது, அப்பிழை ஏறக்குறைய 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்துவிடும்; கருவி வேறோர் இடத்தில் அதைத் தேடியது.

இக்கருவி சோதனை செய்யப்படாமல் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டதன்று. இடம் விட்டு இடம் பெயர்ந்து சில மணி நேரம் மட்டுமே ஓரிடத்தில் இயங்கும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டது. அந்த அளவுக்குச் சோதிக்கவும் பட்டது. நான்கு நாள் இடைவிடாமல் இயங்கும் நிலை எவர் மனத்திலும் இல்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்தது மறுநாள், பிப்ரவரி 26 அன்று.

சோதனை என்பது நாம் நினைத்துப் பார்த்த நிலைமைகளில் கருவி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும். பிழை இருப்பதை அது வெளிப்படுத்தலாம். பிழை இல்லை என்று அதனால் உறுதி கூற இயலாது என்பதை நெதர்லாந்து நாட்டுக் கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே வற்புறுத்தி வந்தார். இதனை எண்களால் விளக்குவது எளிது. தொடர்ந்து இயங்கும் பாதுகாப்புக் கருவிகளுக்குப் பன்னாட்டுத் தரநிலைகள் வகுத்துள்ள உச்ச நிலை, நான்காம் பாதுகாப்பு நிலை ஆகும். ஆபத்தான பழுது 10 கோடி மணி நேரத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நேர வேண்டும் என்பது அதன் பொருள். 10 கோடி மணி நேரம் என்பது சுமார் 11,400 ஆண்டுகள். ஆயிரம் கருவிகளை ஒருசேர இயக்கிச் சோதித்தாலும் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் மென்பொருளில் ஒரு வரி மாற்றப்பட்டால் சோதனையை முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஆகவே மென்பொருளைப் பொறுத்தவரை இவ்வுறுதியைச் சோதனையால் மட்டும் அளந்து பெற இயலாது. தரநிலைகள் மென்பொருள் உருவாக்கப்படும் முறையின்மீது கவனம் செலுத்துவதற்கு இதுவே காரணம். ரயில்வே மென்பொருளுக்கென 2011இல் வெளியான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 50128, உயர்ந்த பாதுகாப்பு நிலைகளுக்குக் கணித முறைகளைப் பெரிதும் பரிந்துரைத்தது.

நிரூபணம் என்னும் வழி

ஒரு நிரலின் ஒழுங்கைத் தேற்றம் போல நிரூபிக்கலாம் என்ற எண்ணம் கணிப்பொறியோடு பிறந்தது எனலாம். ஆலன் டூரிங் 1949இலேயே இதுகுறித்து ஒரு சிறு கட்டுரை அளித்தார். 1967இல் ஃபிளாய்டும் 1969இல் ஹோரும் இதற்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தனர். எனினும் இந்த நிரூபணங்கள் மனிதரால் எழுதப்பட வேண்டியவை; நிரலைவிட நிரூபணம் நீளமாகி, அதிலேயே பிழை நேரும் நிலையும் ஏற்பட்டது. 1977இல் இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் நூலி, முடிவின்றி இயங்கும் நிரல்களைப் பற்றிப் பேச, 'எப்போதும்', 'என்றாவது ஒருநாள்' போன்ற சொற்களுக்கு இடமளிக்கும் கால அளவையியலைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1981-82இல் அமெரிக்காவில் கிளார்க்கும் எமர்சனும், பிரான்சின் கிரனோபிள் நகரில் கேயும் சிஃபாகிஸும் தனித்தனியே ஒரு வழியைக் கண்டனர். நிரூபணத்தை மனிதர் எழுதாமல், அமைப்பு அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் கணிப்பொறியே ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்பதே அது. இதற்கு மாதிரிச் சரிபார்ப்பு என்று பெயர். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இதற்காக வழங்கப்பட்டது.

இம்முறையின் தனிச்சிறப்பு, 'தவறு' என்ற தீர்ப்போடு அது நின்றுவிடாமை. எந்த நிலையிலிருந்து எந்த வரிசையில் நிகழ்ச்சிகள் நடந்தால் தவறு நேரும் என்ற முழு வழித்தடத்தையும் அது எடுத்துக் கொடுக்கும். பொறியாளருக்கு வேண்டுவதும் அதுவே.

இதன் இடர்ப்பாடு, நிலைகளின் பெருக்கம். மூடு, திற என்ற இரு நிலைகளுடைய விசைகள் 10 இருந்தால் அமைப்பின் நிலைகள் 1,024. விசைகள் 20 ஆனால் 10 லட்சத்துக்கு மேல்; 30 ஆனால் 107 கோடிக்கு மேல். நிலைகளைத் தனித்தனியே எண்ணாமல் கூட்டமாகக் கையாளும் உத்திகள் பின்னர் வந்தன. 1994இல் பென்டியம் சில்லின் வகுத்தல் கணக்கில் பிழை கண்டறியப்பட்டு, அதனைத் தயாரித்த இன்டெல் நிறுவனம் 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுத நேர்ந்த பின், சில்லு உற்பத்தியாளர்கள் இம்முறையில் காட்டிய அக்கறை வெகுவாகக் கூடியது. பொருளாதார நோக்கில் இது வியப்பன்று. சில்லுக்கும் மென்பொருளுக்கும் வடிவமைப்புச் செலவு ஒருமுறைச் செலவு. படியெடுக்கும் செலவு அற்பம். பிழையும் அவ்வாறே ஒருமுறை செய்யப்பட்டு லட்சக்கணக்கில் படியெடுக்கப்படுகிறது.

காலத் தன்னியங்கி

மேற்கூறிய முறைகளில் காலம் உண்டு. ஆனால் கடிகாரம் இல்லை. 'கோரிக்கைக்குப் பின் என்றாவது மறுமொழி வரும்' என்று கூறலாம்; '2 நிமிடத்துக்குள் வரும்' என்று கூற இடமில்லை. கடிகாரத்தைச் சேர்த்தால் வேறொரு தொல்லை எழுகிறது. காலம் தொடர்ச்சியாக ஓடுவது. ஒரு கடிகாரம் 1 நிமிடத்துக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் காட்டக்கூடிய அளவுகள் எண்ணற்றவை. எண்ணற்ற நிலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது எவ்வாறு?

ஆலூர் தம் ஆசிரியர் டேவிட் டில்லுடன் சேர்ந்து 1990இல் வெளியிட்டு, 1994இல் விரிவாக்கிய கட்டுரை இதற்கு விடை தந்தது. அவர்கள் வகுத்த கணித மாதிரிக்குக் காலத் தன்னியங்கி என்று பெயரிடலாம். ஆய்வாளரிடையே டைம்டு ஆட்டோமேட்டா என்றே வழங்குகிறது. அதில் வழக்கமான நிலைகளும் மாற்றங்களும் உண்டு. அவற்றோடு ஒரே வேகத்தில் ஓடும் சில கடிகாரங்களும் உண்டு. ஒரு மாற்றம் நிகழும்போது ஏதேனும் ஒரு கடிகாரத்தைச் சுழியத்துக்குத் திருப்பலாம். 'இக்கடிகாரம் 2ஐத் தாண்டியிருந்தால் மட்டுமே இம்மாற்றம் நிகழலாம்' என்பது போன்ற நிபந்தனைகளை விதிக்கலாம்.

நிபந்தனைகளில் வரும் எண்கள் முழு எண்கள் என்று கொண்டால், கடிகாரம் 1.3 காட்டுவதற்கும் 1.4 காட்டுவதற்கும் வேறுபாடு காணும் ஆற்றல் அமைப்புக்கு இல்லை என்பதே அவர்களுடைய முக்கியமான அவதானிப்பு. ஒரே கடிகாரம், நிபந்தனைகளில் வரும் மிகப் பெரிய எண் 2 என்க. அப்போது பொருட்படுத்த வேண்டியவை: சரியாக 0, 0க்கும் 1க்கும் இடையில், சரியாக 1, 1க்கும் 2க்கும் இடையில், சரியாக 2, 2க்கு மேல் ஆகிய ஆறு வகைகளே. எண்ணற்ற அளவுகள் ஆறாகச் சுருங்கிவிட்டன. இரு கடிகாரங்கள் இருந்தால் இன்னும் ஒரு செய்தி வேண்டும். ஒன்று 0.3, மற்றது 0.7 எனில் இரண்டாவதே முதலில் 1ஐத் தொடும். ஆகவே பின்னப் பகுதிகளில் எது பெரிது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு குறித்தாலும் வகைகளின் எண்ணிக்கை முடிவுள்ளதே. முடிவுள்ளது எனில் கணிப்பொறியால் முழுவதையும் பார்த்துவிட முடியும். எண்ணற்ற காலப் புள்ளிகளைப் பற்றிய வினாவுக்கு ஆம், இல்லை என்று திட்டமாக விடை காணும் வழி இவ்வாறு பிறந்தது. கடிகாரங்கள் கூடக்கூட வகைகள் பன்மடங்காகப் பெருகும் என்பது இதன் விலை.

சுவீடனின் உப்சாலா, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் 1995இல் வெளியிட்ட உப்பால் என்னும் கருவி இக்கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனத்தின் ஒலி, ஒளிக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையில் ஒரு பிழை இருந்தது. செய்திகள் அவ்வப்போது தொலைந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் பயனில் இருந்தும் வழக்கமான சோதனைகளால் பிழையின் இடத்தைக் காண முடியவில்லை. 1997இல் உப்பால் அதற்கான வழித்தடத்தைக் காட்டியது; செய்த திருத்தம் சரியே என்பதும் அதைக்கொண்டே நிரூபிக்கப்பட்டது.

ரயில்வே கேட்

ஆலூர், டில் கட்டுரையிலும் பின்வந்த பாடநூல்களிலும் தவறாது இடம்பெறும் எடுத்துக்காட்டு ரயில்வே கேட். மாணவர்கள் தாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கத் தக்கது என்பதால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

வரும் ரயில் தொலைவிலேயே ஒரு செய்தி அனுப்புகிறது. செய்தி அனுப்பி 2 நிமிடத்துக்குப் பின்னரே அது கடவுப்பாதையில் நுழையும். 5 நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். கட்டுப்பாட்டுக் கருவி செய்தி கிடைத்துச் சரியாக 1 நிமிடத்தில் 'இறங்கு' என ஆணையிடும்; ரயில் வெளியேறிய 1 நிமிடத்துக்குள் 'ஏறு' என ஆணையிடும். கதவு இறங்க 1 நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். ஏற 1 முதல் 2 நிமிடம் ஆகும். நிரூபிக்க வேண்டியவை இரண்டு. ரயில் கடவில் இருக்கும்போது கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். கதவு ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் மூடிக்கிடக்கக் கூடாது.

ஒரு ரயில் கடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் நிறைவேறுகின்றன. ஆணை 1ஆம் நிமிடத்தில். கதவு 2ஆம் நிமிடத்துக்கு முன் மூடிவிடும். ரயில் அதற்குப் பின்னரே நுழையும். மூடிக்கிடக்கும் காலம் 7 நிமிடத்தைத் தாண்டாது. ஆனால் இரட்டைப் பாதை எனில் என்ன ஆகும்? முதல் ரயில் சுழிய நேரத்தில் செய்தி தருகிறது. எதிர்த்திசையிலிருந்து இரண்டாம் ரயில் 4ஆம் நிமிடத்தில் செய்தி தருகிறது. 5ஆம் நிமிடத்தில் 'இறங்கு' ஆணை செல்கிறது. கதவு ஏற்கெனவே மூடியிருப்பதால் பயனில்லை. முதல் ரயில் 4.8இல் வெளியேற, 5.5இல் 'ஏறு' ஆணை செல்கிறது. கதவு ஏறத் தொடங்குகிறது. 6.1இல் இரண்டாம் ரயில் நுழைகிறது. ஒவ்வோர் உறுப்பும் தன் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தது; விபத்து நேர்ந்தது. சரிபார்ப்புக் கருவி தேடித் தருவது இத்தகைய வழித்தடத்தைத்தான்.

கடவை நெருங்கியுள்ள ரயில்களின் எண்ணிக்கையைக் கருவி மனத்தில் கொண்டு, அது சுழியமானால் மட்டுமே 'ஏறு' என ஆணையிட வேண்டும் எனத் திருத்தலாம். அப்போதும் ஒரு வினா எஞ்சும்: ஏறிக்கொண்டிருக்கும் கதவு பாதியில் 'இறங்கு' ஆணையை ஏற்குமா, முழுதும் ஏறிய பிறகே ஏற்குமா? பின்னது எனில் மீண்டும் விபத்துக்கு இடமுண்டு. கதவு தயாரிப்பாளரைக் கேட்டுத் தெளிய வேண்டிய செய்தி இது. கேட்க வேண்டும் என்று தோன்றச் செய்தது சரிபார்ப்பு.

இவற்றையெல்லாம் சரிசெய்தால் முதற்பண்பு நிறைவேறும். ஆனால் இரண்டாவது பண்பு முறிந்துவிடுகிறது. ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் கதவு 10 நிமிடம் என்ன, அரை மணி நேரமும் மூடிக்கிடக்கலாம். இது வெறும் வசதிக் குறைவன்று. நெடுநேரம் மூடிய கதவின் அடியில் சைக்கிளோடு குனிந்து நுழைவோரை அறியாதவர் இல்லை. இரண்டாம் பண்பு முறிந்தால் முதற்பண்பால் கிடைத்த பாதுகாப்பும் கரைகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் கட்டுப்பாட்டு நிரல் அவ்விடத்தில் எழுத முடியாது என்று கணிதம் காட்டிவிட்டால், தீர்வு மென்பொருளில் இல்லை. சாலை மேம்பாலத்திலோ சுரங்கப்பாதையிலோதான் உள்ளது. எதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது ஒரு தெளிவான ஆதாரம்.

நம் நாட்டின் நடைமுறை இப்பாட எடுத்துக்காட்டிலிருந்து வேறுபட்டது என்பதையும் கூற வேண்டும். சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டுகளில், கதவு மூடிப் பூட்டப்படும் வரை ரயிலுக்குச் சிக்னல் வழிவிடாது. அதாவது கதவு ரயிலோடு போட்டியிடுவதில்லை. ரயில் கதவுக்காகக் காத்திருக்கிறது. கடிகாரத்தை நம்பாமல் பூட்டை நம்பும் பழைய ஞானம் அது. அகல ரயில் பாதையில் ஆளில்லாக் கடவுகள் 2019 ஜனவரியில் முற்றிலும் ஒழிக்கப்பட்டன.

இதயத்துக்குள் ஒரு கருவி

காலத்தோடு வெப்பம், அழுத்தம், வேகம் போன்ற தொடர்ந்து மாறும் அளவுகளையும் சேர்த்துக் கையாள, ஆலூரும் வேறு சிலரும் 1993ஐ ஒட்டிக் கலப்புத் தன்னியங்கி என்ற மாதிரியை உருவாக்கினர். இங்கே விடை எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை; எந்த வகை அமைப்புகளுக்குக் கிடைக்கும் என்பதே ஆய்வுப் பொருளாயிற்று. உட்பொதி வடிவமைப்பில் இவ்வழியில் நடந்த பணிகளுள் பேஸ்மேக்கர் பற்றியது தனித்துக் குறிப்பிடத்தக்கது.

2007இல் பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனம் தன் பழைய பேஸ்மேக்கர் ஒன்றின் விவரக்குறிப்பை ஆய்வாளர்களுக்கு வெளியிட்டது. ஆலூர் உள்ளிட்ட பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவினர், இதயத்தின் மேலறையையும் கீழறையையும் தூண்டும் பேஸ்மேக்கரைக் காலத் தன்னியங்கிகளாக எழுதி உப்பாலில் சரிபார்த்து 2012இல் வெளியிட்டனர். இரு துடிப்புகளுக்கு இடையே குறித்த கால அளவு மீறப்படக் கூடாது என்பது போன்ற அடிப்படைப் பண்புகள் நிரூபணமாயின. ஆனால் அவர்கள் கருவியோடு நில்லாமல், இதயத்துக்கும் ஒரு மாதிரி எழுதி இரண்டையும் இணைத்துப் பார்த்தனர். சிலருடைய இதயத்தில், கீழறைக்குத் தரப்பட்ட தூண்டல் பின்னோக்கிப் பாய்ந்து மேலறையை அடையும். கருவி அதனை மேலறையின் இயற்கைத் துடிப்பாகக் கொண்டு, உரிய இடைவெளி விட்டு மறுபடியும் கீழறையைத் தூண்டும். அதுவும் பின்னோக்கிப் பாயும். இவ்வாறு கருவியே ஒரு சுழலின் பகுதியாகி, இதயத்தைத் தான் அனுமதிக்கும் உச்ச வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் முன்பே அறிந்த கோளாறு இது. அதனைக் கண்டு முறிக்கும் வழியும் பேஸ்மேக்கர்களில் உண்டு. கருவியை மட்டும் தனியே வைத்துச் சரிபார்த்திருந்தால் இது புலப்பட்டிராது என்பதே ஆய்வின் பாடம். விவரக்குறிப்பின் ஒவ்வொரு விதிக்கும் உட்பட்டு நடக்கும் கருவியும் தீங்கு செய்யக்கூடும்.

ஆகவே 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லைக் கேட்டதும் இரு வினாக்கள் எழ வேண்டும். எந்தப் பண்பு நிரூபிக்கப்பட்டது? சுற்றுப்புறத்தைப் பற்றி என்ன கருதிக்கொண்டு நிரூபிக்கப்பட்டது? இவ்விரண்டையும் கூறாத சான்றிதழ் வெறும் நற்சான்றிதழே.

காலத் தன்னியங்கிக்காக ஆலூருக்கும் டில்லுக்கும் 2008இல் கணிப்பொறி வழிச் சரிபார்ப்பு மாநாட்டின் விருதும், 2016இல் முதலாவது அலன்சோ சர்ச் விருதும் வழங்கப்பட்டன. 2024இல் ஆலூர் நூத் பரிசு பெற்றார். அவருடைய பிற்காலப் பணிகளில் ஒன்று, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்து முனைவரான பி.மதுசூதனுடன் 2004இல் தொடங்கியது. நிரல்களில் ஒன்றினுள் ஒன்றாக வரும் அழைப்புகளைக் கையாளும் மொழிக் கோட்பாடு அது. விவரக்குறிப்பிலிருந்து நிரலையே கணிப்பொறி கண்டுபிடித்துத் தரும் ஆய்விலும் 2013 முதல் அவர் முன்னணியில் இருந்துள்ளார்.

விவரக்குறிப்பு யாருடைய பணி

இவ்வாய்வுகள் அலுவலகங்களுக்குத் தொலைவானவை என்று தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. இந்திய ரயில்வே 2020 ஜூலையில் தேசிய ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்ற 'கவச்', முன்னர் கூறிய நான்காம் பாதுகாப்பு நிலைக்குச் சான்று பெற்றது. ஓட்டுநர் தவறினால் தானே பிரேக் பிடிப்பதும், கேட்டை நெருங்கும்போது தானே ஊதல் ஒலிப்பதும் அதன் பணிகள். மின் வழங்கல், மருத்துவம், குடிநீர் என்று பல துறைகளும் உட்பொதி கணிப்பொறி உள்ள சாதனங்களை ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகின்றன. அந்த ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் விவரக்குறிப்பு என்ற தலைப்பின் கீழ் வருவன பெரும்பாலும் மின்னழுத்தம், எடை, உறையின் கனம் முதலியன. மென்பொருளைப் பற்றி 'நம்பகமானதாகவும் பயன்படுத்த எளிதாகவும் இருத்தல் வேண்டும்' என்ற ஒரு வரி இருந்தால் அதிகம். இதனை எவரும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வழக்கு வந்தால் அதற்கு மதிப்பும் இராது.

'குழாயில் காற்றுக்குமிழி உணரப்பட்ட 1 விநாடிக்குள் பம்பு நிற்க வேண்டும். மின்தடை நீங்கிய பின் மனிதர் ஆணையின்றி மீண்டும் ஓடத் தொடங்கக் கூடாது' என்று எழுதுவது வேறு வகை. இதில் காலம் உண்டு. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்பவை உண்டு. இத்தகைய வாக்கியத்தைக் காலத் தன்னியங்கிக்கு நேரடியாக மாற்றலாம். இதனை எழுதுவதற்குக் கணிப்பொறி இயல் பட்டம் தேவையில்லை. மருத்துவமனையில் அந்தப் பம்பை இயக்கும் செவிலியரும், ரயில் கேட்டில் நிற்கும் கேட் காவலரும் அறிந்தவற்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதும் அலுவலர் வேண்டும். சட்ட முன்வரைவு தயாரிப்பதில் பழகிய அரசுத் துறைகளுக்கு இது அயலான கலையன்று. தயாரிப்பாளரிடம் விட்டுவிட்டால், தம் கருவி ஏற்கெனவே செய்வதையே அவர் விவரக்குறிப்பாக எழுதித் தருவார்.

செலவு கூடும் என்ற மறுப்பு வரும். முதற்செலவு கூடும் என்பது மெய்யே. பாரிஸ் நகரில் 1998இல் திறக்கப்பட்ட ஓட்டுநரற்ற 14ஆம் மெட்ரோ பாதையின் பாதுகாப்பு மென்பொருள் 'பி' என்னும் கணித முறையில் படிப்படியாக நிரூபிக்கப்பட்டு எழுதப்பட்டது. நிரூபணத்துக்கு உழைப்பு மிகுதியாயிற்று. பதிலுக்கு, நிரலின் சிறு கூறுகளைத் தனித்தனியே சோதிக்கும் வேலை குறைந்தது. எல்லா மென்பொருளுக்கும் இம்முறையை வலியுறுத்துவது பணவிரயம். அலுவலக வருகைப் பதிவேட்டு நிரலுக்கு நிரூபணம் தேவையில்லை. உயிரோ பெருஞ்சொத்தோ சார்ந்திருக்கும் சிறிய மையப் பகுதியைத் தனியே பிரித்து, அதற்கு மட்டும் நிரூபணம் கேட்பதே விவேகம்.

ஆள் பற்றாக்குறை என்பது செலவைவிடக் கடினமான தடை. கோட்பாட்டளவில் நம் நாடு பின்தங்கியதன்று. இத்துறையின் அடிப்படைகள் பற்றிய ஆண்டு மாநாடு 1981 முதல் இந்தியாவில் நடந்து வருகிறது. சென்னையிலும் மும்பையிலும் உள்ள ஆய்வு நிறுவனங்களில் காலத் தன்னியங்கிகள் பற்றிய ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கும் ஏற்புச் சோதனை நடத்தும் பொறியாளருக்கும் இடையே பாலம்தான் குறுகலாக இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் உட்பொதி அமைப்புகள் என்ற பாடம் கம்பிகளை இணைத்து விளக்கை எரியவிடுவதோடு நின்றுவிடுவது இதற்கு ஒரு காரணம்.

மென்பொருள் மாற்றத்தின்போது பின்பற்ற வேண்டிய நடைமுறையும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். நிரூபிக்கப்பட்ட பண்புகள், சுற்றுப்புறத்தைப் பற்றிய கருதுகோள்கள், சரிபார்ப்புக்குப் பயன்பட்ட மாதிரிகள் ஆகியவை கருவியோடு வாங்குவோரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இல்லையேல் அடுத்த பதிப்பு வரும்போதோ, அதே மென்பொருள் வேறொரு கருவிக்கு எடுத்தாளப்படும்போதோ, எதை மறுபடி நிரூபிக்க வேண்டும் என்பதை அறிய வழியிராது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னரே சிதறியது. ஏரியான் 4க்கு எழுதப்பட்டு அங்கே குறையின்றி இயங்கிய மென்பொருள் அதில் அப்படியே பொருத்தப்பட்டிருந்தது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண் 32,767ஐத் தாண்டாது என்ற கருத்தின்பேரில் அது எழுதப்பட்டது. ஏரியான் 5இன் வேகமோ அதிகம். புதிய ராக்கெட்டின் பாதை பற்றிய தரவுகள் அக்கருவியின் விவரக்குறிப்பில் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது.